இறங்காத எடை

பக்கத்து வீட்டு வெர்னன் ஒஹாயோவை விட்டுக் கிளம்பும்போது தன் மலைப்பாம்பை லொரெய்னிடம் ஒப்படைத்தான். எப்போதும்போல மூச்சை மிச்சம்பிடித்தே பேசினான்.

“கடிச்சுக் கொல்லாது. சுத்திக்கும். நீ மூச்ச வெளிய விடுற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறுக்கும். மாசாமாசம் எடை பாரு. தூக்கிக்கிட்டு ஒரு தடவ, எறக்கி வச்சிட்டு ஒரு தடவ. கழிச்சா பாம்போட எடை.”

“புருஷன் போயி பாம்பு வந்துச்சுன்னு தெருவே சிரிக்குது. நீ கணக்கு வேற சொல்லிக்குடு,” என்றாள் லொரெய்ன்.

அவன் சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு எடை மெஷினில் ஏறினாள். பிறகு அதைக் கண்ணாடித் தொட்டியில் விட்டாள், பூட்டினாள், பூட்டை இழுத்தும் பார்த்தாள். மறுபடி ஏறினாள். எண் மாறவில்லை. பேட்டரியை மாற்றினாள். செருப்பைக் கழற்றினாள். கூடத்துக்கும் குளியலறைக்குமாக அலைந்தாள். தொட்டிக்குள் பாம்பு சுருண்டு கிடந்தது. அவள் தோள் கனத்தது.

போன் போட்டாள். வெர்னன் எடுத்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பாம்பு தொட்டியிலதான் கெடக்கு. எடை எறங்க மாட்டேங்குது, வெர்னன்.”

“எனக்கு எறங்கிடுச்சு,” என்றான். அவன் குரல் முதல்முறையாக நிதானமாக, நீளமாக வந்தது. “மூச்ச மட்டும் முழுசா வெளிய விட்டுடாத, லொரெய்ன்.”

அவன் போனை எடுத்த நிம்மதியில் அவள் ஏற்கெனவே ஒரு பெருமூச்சு விட்டிருந்தாள்.