கோச் கொண்டுவந்த தட்டு

குருவிநத்தத்து வீட்டுக் கூடத்தில் சன்னல் கம்பிகளின் நிழல் சாயங்கால வெயிலில் நீண்டு கிடக்கிறது. சென்னைக் கல்லூரி ஒன்றின் கபடி கோச், ஆப்பிளும் வெற்றிலைபாக்கும் அடுக்கிய தட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். தட்டைப் பார்த்த புவனேஸ்வரி, ப்ளஸ் டூ படிக்கும் மகள் மணிபாரதிக்கு அவசரமாகப் பட்டுப்புடவையைச் சுற்றிக் காபியோடு அனுப்பிவிட்டாள். தன்னைக் கேட்டு வந்திருப்பது கல்லூரியா சம்பந்தமா என்று மணிபாரதிக்கே குழம்புகிறது. கோச் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நடையைப் பார்க்கிறார். "மேட்ச்ல அடிபட்ட இடது முட்டி இப்ப தேவலாமாம்மா?" மணிபாரதி ஆமென்று தலையாட்டுகிறாள். "சீட்டு, ஹாஸ்டல் எல்லாம் ஃப்ரீ. மாசாமாசம் சம்பளமும் உண்டு," என்கிறார் அவர். "படிக்கிற பொண்ணுக்கு இன்னா சார் சம்பளம்?" என்கிறாள் அம்மா. "ஆடறதுக்கும்மா. வேற காலேஜ்காரங்க வர்றதுக்குள்ள பேசி முடிச்சிடலாம்." தட்டை நீட்டுகிறார். வாங்கினால் வாக்குக் கொடுத்ததாகிவிடும். அம்மாவின் கைகள் பாதியில் நிற்கின்றன. வெளியே கரும்புத் தோகைகள் உரசிக்கொள்கின்றன. சம்பந்தி வீட்டாரிடம் பேசும் அதே தணிந்த குரலில் அவள் கேட்கிறாள்: "நாளைக்குக் கால் ஒடஞ்சிச்சின்னா, எம்பொண்ண வூட்டுக்குத் திருப்பி அனுப்பிடுவீங்களா சார்?" கோச் மறுபடியும் மணிபாரதியின் முட்டியைத்தான் பார்க்கிறார்.