சவாசனத்தில் ஓர் உறுமல்

“நான் சொல்ற வரைக்கும் யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. கைகாலைத் தளர விட்டுட்டு அப்படியே கிடங்க” என்றாள் யோகா டீச்சர்.

மனநல மருத்துவமனையின் மாடிக் கூடத்தில் ஆறு பாய்கள். ஐந்தில், மனச்சிதைவுக்கு மாத்திரையும் அதோடு கூட யோகாவுமாகத் தேறி வருகிறவர்கள். கடைசி மூலைப் பாயில் சாட்சாத் டாக்டர். ராத்திரி டியூட்டி முடித்த கையோடு, தான் சிபாரிசு செய்த வகுப்பு எப்படி நடக்கிறதென்று எட்டிப் பார்க்க வந்தவர், செய்தே பார்த்துவிடலாம் என்று படுத்துவிட்டார்.

ஐவரில் ஒருவனான டெய்லர், மூலைப் பாயை ஓரக்கண்ணால் பார்த்தான். இன்று டாக்டர் தலையாட்டினால் நாளைக்கே பழையபடி கடையில் தையல் மெஷின் முன்னால் உட்காரலாம். காதுக்குள் குரல்கள் ஓய்ந்து பல மாதமாயிற்று. இன்று ஒரு நாள் மானத்தைக் காப்பாற்று என்று தன் காதுகளிடம் கெஞ்சிவிட்டுக் கண்ணை மூடினான்.

அப்போதுதான் கேட்டது. லாரி மேடேறுகிற மாதிரி ஓர் உறுமல். நின்றது. மறுபடியும் உறுமியது. முன்பெல்லாம் குரல்கள் வருமுன் இப்படித்தான் ஓர் இரைச்சல் கட்டியம் கூறும். பக்கத்துப் பாயிலிருந்த போஸ்ட்மாஸ்டரை முழங்கையால் இடித்தான்.

“சார், ஏதாவது சத்தம் கேக்குதா?”

“எனக்கா? சேச்சே, ஒண்ணும் கேக்கல” என்றார் அவர், அவசர அவசரமாக.

வகுப்பு முடிந்ததும் டாக்டர் சோம்பல் முறித்தபடி எழுந்தார். அடடா, என்ன ஒரு அமைதி என்று பாராட்டிவிட்டு, யாருக்காவது சத்தம் ஏதும் தொந்தரவு செய்கிறதா என்று விசாரித்தார். டெய்லர் மெல்லக் கையைத் தூக்கினான். குரல் கேட்டதை மறைத்து வைத்துத்தான் போன தடவை படாத பாடு பட்டான்.

“இப்பக்கூடக் கேட்டுச்சு டாக்டர். உறுமல் மாதிரி.”

“நானும் இங்கதானே இருந்தேன்? எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே” என்று டாக்டர் பேனாவைத் திறந்தார். கைக்கு எட்டிய தையல் மெஷின் நழுவிப் போவது தெரிந்து டெய்லருக்கு அழுகை முட்டியது.

அவன் முகத்தைப் பார்த்த போஸ்ட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். தனக்கும் கேட்டதாகவும், மாத்திரையைக் கூட்டிவிடுவீர்களோ என்று பயந்து மறைத்ததாகவும் ஒப்புக்கொண்டார். மற்ற மூவரும் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்கள். எல்லாருக்கும் அதே உறுமல்.

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. அஞ்சு பேருக்கும் ஒரே நேரத்தில் குரல் திரும்புகிறதென்றால் யோகாவில்தான் ஏதோ கோளாறு, வகுப்பை இன்றோடு நிறுத்திவிடலாம் என்றார்.

பாய் சுருட்டிக்கொண்டிருந்த டீச்சர் அதற்கு மேல் மரியாதை பார்க்கவில்லை.

“எனக்கும்தான் கேட்டுச்சு டாக்டர். உங்க ஒருத்தருக்குத்தான் கேட்டிருக்காது. படுத்ததும் அசந்து தூங்கி, குறட்டை விட்டதே நீங்கதான்.”

காது வரைக்கும் சிவந்துபோன டாக்டர், திறந்த பேனாவை மூடாமல், டெய்லர் நாளைக்கே வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார்.