இரண்டு கதவு, ஒரு குரல்

இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் ஒரு பிரஸ் மெஷினுக்கு இரண்டு கதவு, கதவுக்கொரு ஸ்விட்ச். தன் கதவு திறந்தால் "நில்லு!" என்று மெஷினைப் பார்த்துக் கத்துவதுதான் ஸ்விட்சின் வேலை. இடது ஸ்விட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டதால் அதற்குக் கத்த வராது. பேச்சு மட்டும் வக்கணையாக வரும்.

சோதிக்க வரும் ஞானதுரை எப்போதும் இரண்டு கதவையும் சேர்த்தே திறப்பார். வலது கத்தும், மெஷின் நிற்கும். "ரெண்டும் நல்லாருக்கு" என்று போய்விடுவார்.

வலதுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்துத் தொலைங்களேன்யா!"

"மெஷின்தான் நிக்குதுல்ல, உனக்கென்னடா வலிக்குது?" என்றது இடது.

ஒருநாள் சிக்கிய தகட்டை எடுக்க, ஞானதுரை இடக்கதவை மட்டும் திறந்து கையை விட்டார். மெஷின் நிற்கவில்லை.

"டேய், கத்துடா!" என்று பதறியது இடது.

"எப்படிடா கத்துவேன்? என் கதவு மூடியிருக்கே!"