இரண்டாவது வரிசை சாட்சி

“அம்மா, கடைசி சீனை மட்டும் விட்டுடுங்க. சீஃப் கெஸ்ட் வந்துட்டார்.”

மேடைத் தட்டிக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்து நின்றார் சத்யநாராயணன். சேலையூர் அடுக்ககத்தின் நலச்சங்கச் செயலாளர். ஆண்டு விழாவுக்கு நாடகம் போட முத்தாலம்மாளின் குழுவை அழைத்ததே அவர்தான்.

முத்தாலம்மாள் கைக்கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்தபடி கேட்டார். “சாயங்காலமே வரேன்னவர் இப்பத்தான் வந்தாரா?”

“பில்டர் ஜீவானந்தம்மா. இந்த பில்டிங்கையே கட்டினவர். பிஸி பர்சன்.”

“ஓ, அந்த ஓடாத லிஃப்ட்டும் அவர் வெச்சதுதானா? மேக்கப் ரூமுக்குப் படியேறியே என் முட்டி போச்சு.”

சத்யநாராயணனுக்கு இந்த மாதிரி விஷயங்கள் காதில் விழாது. “அவர் அடுத்து குன்றத்தூர் ஃபங்ஷனுக்குப் போகணும். ரெண்டு வார்த்தை பேசிட்டுக் கிளம்பிடுவார்.”

“பேசட்டும். நாங்க காத்திருந்து மிச்சத்தைப் போடுறோம்.”

“அவரைப் பத்தி நான் பேச வேணாமா? அப்புறம் பொன்னாடை, போட்டோ, டின்னர். சாப்பாட்டு வாசனை வந்ததும் ஒருத்தரும் திரும்பி வர மாட்டாங்கம்மா.”

ஓரமாக நின்ற ஷர்மிளாவின் முகம் தொங்கிவிட்டது. பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து குழுவுக்குப் புதிதாக வந்தவள். நாடகத்தில் அவளுக்குத் திருட்டுப் பழி சுமத்தப்பட்ட வேலைக்காரி வேஷம். கடைசிக் காட்சியில்தான் வாயைத் திறப்பாள்.

“இன்னாக்கா இது? இப்ப நிறுத்துனா நான் திருடியாவே நின்னுடுவேனே. எங்கம்மா மீன் விக்கக்கூடப் போவல. நான் பேசறதக் கேக்கணும்னு மொத ஆளா வந்து குந்திக்கினு கீது.”

“வீடியோ எடுத்து அனுப்பலாம்மா,” என்றார் சத்யநாராயணன் பெருந்தன்மையுடன்.

முத்தாலம்மாள் கண்ணாடியைக் கீழே வைத்தார். தட்டியின் இடைவெளி வழியே, மேடைக்குப் பக்கத்தில் நின்ற பிளெக்ஸ் போர்டைக் காட்டினார்.

“சார், அதைக் கொஞ்சம் படிங்க.”

படிக்கத் தேவையில்லை. அவர் வைத்த போர்டுதான். கைகூப்பி நிற்கும் செயலாளர் பெரிதாக. கீழே, கழுத்தில் மாலையுடன் ஒரு முன்னாள் மந்திரியும் இளவயது முத்தாலம்மாளும் ஒரு பழைய போட்டோவில் சிறிதாக. அதற்கும் கீழே, ‘யார் வந்தாலும் உட்கார்ந்து பார்க்கட்டும். திரை விழும்வரை மேடை எங்களுடையது. - மந்திரிக்காக நாடகத்தை நிறுத்த மறுத்து முத்தாலம்மாள் முழங்கியது, செங்கல்பட்டு, 1988.’

“அது அந்தக் காலம்மா.”

“மந்திரியவே உக்காந்து பாக்கச் சொன்னவ, பில்டருக்கு எடத்தக் காலி பண்ணுவேனா? நீங்கதானே சார் சாட்சி. ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்தேன், கை வீங்குற வரைக்கும் தட்டினேன்னு இப்பத்தானே மைக்ல சொன்னீங்க?”

சத்யநாராயணன் போர்டைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வெளியே நாகஸ்வர ரெக்கார்டு அலறியது. ரோஜா மாலைத் தட்டு முன்னே வர, ஜீவானந்தம் நடுவழியில் மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தார். முத்தாலம்மாள் விறுவிறுவென்று மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார். ரெக்கார்டு நின்றது.

“யார் வந்தாலும் உட்கார்ந்து பார்க்கட்டும். திரை விழும்வரை மேடை எங்களுடையது.”

முன்வரிசையில் மீன்காரம்மாதான் முதலில் கைதட்டினார். அப்புறம் கூட்டம் போர்டைப் பார்த்தது, மேடையைப் பார்த்தது, எழுந்து நின்றே தட்டியது.

“டேய், அதே டயலாக்டா. எடு, எடு,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். செல்போன்கள் உயர்ந்தன. ஜீவானந்தமும் போர்டைப் படித்தார். மந்திரிக்கே அந்தக் கதி என்றால், தான் எம்மாத்திரம் என்று தோன்றியிருக்க வேண்டும். காலியாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லோரும் பார்க்கிறார்களே என்று சத்யநாராயணனும் தட்டித் தொலைத்தார்.

கடைசிக் காட்சி. ஷர்மிளா தலையை நிமிர்த்திப் பேசினாள். பேசி முடித்தபோது அவளுடைய அம்மா அழுதுகொண்டே பக்கத்து நாற்காலிக்காரரிடம், “எம் பொண்ணு சார்,” என்றார். பக்கத்து நாற்காலிக்காரர் ஜீவானந்தம்.

திரை விழுந்தது.

வேஷம் கலைத்துக்கொண்டிருந்த முத்தாலம்மாளிடம் சத்யநாராயணன் தயங்கித் தயங்கி வந்தார். “அம்மா… அந்த வரி…”

“நல்ல வரி சார். நீங்களே எழுதினதா?”

அவர் தலை கவிழ்ந்தது.

“என்கிட்ட வாங்கினீங்களே, அந்த போட்டோவுல மந்திரி கழுத்துல மாலை இருக்கு பாருங்க. பாதி நாடகத்த நிறுத்திட்டு அதைப் போட்டதே நான்தான். கடைசி சீன் அன்னிக்கு நடக்கவே இல்ல.”

“அப்ப… போர்டைக் கழட்டிடட்டுமா?”

“எதுக்கு? இருக்கட்டும். செங்கல்பட்டை அடிச்சிட்டு சேலையூர்னு போட்டு, இன்னிக்குத் தேதியை எழுதிடுங்க.”