செசிலியின் பாட்டுக்கு அர்த்தம்

"இந்தப் பாட்டுக்கு அர்த்தம் சொல்லுங்க சார். காதல் பாட்டா இருந்தா நாளையிலேர்ந்து செசிலிக்குக் காலேஜ் கிடையாது."

டேப்ரெக்கார்டரை மேஜைமேல் வைத்தாள் இருதயமேரி. அவள் கணவர் அந்தோணிமுத்து பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

காரைக்காலில் பிரெஞ்சு வாத்தியாராக இருக்கும் நீலமேகத்திடம் அர்த்தம் கேட்டு வருவதெல்லாம் பென்ஷன் கடிதங்கள்தான். பிரெஞ்சுப் பாட்டு வந்தது இதுதான் முதல் தடவை. போதாக்குறைக்கு, இவர்கள் மகள் செசிலி அவரிடம் படித்த பெண்.

"அண்ணன் பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவராச்சே?" என்று அந்தோணிமுத்துவைக் காட்டிக் கேட்டார்.

"பதினஞ்சு வருஷம் இருந்தாரு, சமையக்கட்டுல. உருளைக்கிழங்கு, வெங்காயம் தவிர ஒரு வார்த்தை தெரியாது. செசிலி என்னடான்னா ரெண்டு மாசமா இதையே போட்டுப் போட்டு அழுவுறா."

அந்தோணிமுத்து ஆமாம் என்று தலையாட்டினார்.

கேசட் ஓடியது. கிடாரைத் தட்டிக்கொண்டு ஒருத்தன் உருகினான். மூன்று நாள் மழை. மூன்று நாளும் என் குடைக்குள் நீ இருந்தாய். மழை விட்டது, நீயும் போய்விட்டாய்.

நீலமேகம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"குடைன்னா... தாய்தாம்மா."

"தாயா?"

"மகன் மழையில நனையாம காப்பாத்துறா. அப்புறம் கர்த்தர்கிட்ட போயிடுறா."

இருதயமேரியின் முகம் இளகியது. அதற்குள் டிரம்ஸ் முழங்க, பாடியவன் கூச்சல் போட ஆரம்பித்தான்.

"இப்ப ஏன் இப்படிக் கத்துறான்?"

"துக்கம் தாங்கலம்மா."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம் புள்ள. நான் ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டதுலேர்ந்து பயந்து கெடக்கு. எனக்கு ஏதும் ஆயிடுமோன்னு அழுதிருக்கு. சார், இதை மாதா கோயில் திருவிழாவுல மைக்ல போடச் சொல்லப்போறேன்."

நீலமேகம் அவசரமாக டேப்ரெக்கார்டரை நிறுத்தினார்.

"வேணாம்மா."

"ஏன் சார்?"

"திருவிழா அன்னிக்கு ஊரே அழக்கூடாதில்ல."

அதுவும் சரிதான் என்று அவள் படியிறங்கினாள். அந்தோணிமுத்து ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் பின்தங்கினார்.

"ரொம்ப நன்றி சார். ரெண்டாவது சரணத்துல முத்தம் வருதே, அதை எப்படித் தாண்டப்போறீங்கன்னுதான் பயந்துக்கிட்டிருந்தேன்."

நீலமேகத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்ப உங்களுக்கு பிரெஞ்சு..."

"தெரியும்னு சொன்னா நான்ல அர்த்தம் சொல்லணும்? அவ மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு எனக்கு இவ்வளவு நல்லா வராது சார்."

வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"செசிலி விரும்புன பையன் வேற பொண்ணைக் கட்டிக்கிட்டு பாரீஸ் போயிட்டான். எனக்குத் தெரியும்னு செசிலிக்குத் தெரியாது. அழுது முடிக்கட்டும் சார். போன மாசம் ஒரு நாளைக்கு இருபது தடவை போட்டா. இந்த வாரம் நாலுக்கு வந்திருக்கு."