கேடயத்தில் இரண்டு சொல்

“இதை இன்னிக்கே அழிக்கணும்!”

பித்தளைக் கேடயம் மேஜைமேல் ‘டங்’கென்று விழுந்தது. பெயர் பொறித்துக்கொண்டிருந்த கடைக்காரரின் கை வழுக்கி, யாரோ ஒரு தலைமை ஆசிரியரின் பெயரில் இல்லாத புள்ளி ஒன்று ஏறிவிட்டது.

நிமிர்ந்தார். போன வாரம் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போன பெண். பெண்கள் வாலிபால் கிளப்பின் செயலாளர். மடங்காத வலது காலை நீட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபத்தில் மூச்சு வாங்கியது.

“எழுத்துப் பிழையாம்மா?”

“பிழையெல்லாம் இல்ல. படிங்க.”

‘எங்கள் கோச். வெல்ல முடியாதவர்.’

கடைக்காரர் இரண்டு முறை படித்தார். “நீங்க எழுதிக் கொடுத்ததுதானே?”

“நான்தான். நாலு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டு எழுதினேன். நேத்து வழியனுப்பு விழா. மைக்ல சத்தமா படிச்சாங்க.”

“என்ன ஆச்சு?”

“கூட்டம் மொத்தமும் எந்திரிச்சு நின்னுடுச்சு. அவர் கண்கலங்கிட்டாரு. என்னால அங்க ஒரு நிமிஷம் உட்கார முடியல.”

கடைக்காரர் உளியைக் கீழே வைத்தார். “உங்க கோச் இதுவரைக்கும் எத்தனை கோப்பை வாங்கிக் கொடுத்திருக்காரு?”

“இருபத்தாறு வருஷத்துல ஒண்ணுகூட இல்ல.”

கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாராலும் கோச்சை வெல்ல முடியாது என்றும் அதைப் படிக்கலாம். அவரால் யாரையும் வெல்ல முடியாது என்றும் படிக்கலாம். வெறுங்கையோடு ஓய்வு பெறும் மனிதரை மேடையேற்றி இதைக் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்?

“பாலிஷ் போட்டுத் தரேன்னு சொல்லித்தான் வாங்கிட்டு வந்திருக்கேன்” என்றாள். “சாயங்காலம் திருப்பிக் கொடுக்கணும். அதுக்குள்ள மாத்துங்க.”

“அவர் மேல உங்களுக்கு அவ்வளவு அக்கறையா!”

“முட்டி வீங்கிக் கிடந்தவளை பைனல்ல இறக்கினவர் சார் அவர். டாக்டர் வேணாம்னாரு. ‘என் பொண்ணுங்களைப் பத்தி எனக்குத் தெரியும்’னு சொல்லி இறக்கிவிட்டாரு. அன்னிக்கு விழுந்தவதான். அதுக்கப்புறம் நான் பந்தையே தொடல.”

“உங்க மேல எவ்வளவு நம்பிக்கை இருந்திருந்தா...” என்று கடைக்காரர் உருகினார்.

அவள் அவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். அவர் அவசரமாகக் கேடயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நீங்க பதறாதீங்கம்மா. நல்ல மனுஷர் மனசு நோகக் கூடாது. முன்னாடி ‘யாராலும்’னு ஒரு வார்த்தை சேர்த்துட்டா போதும். ‘யாராலும் வெல்ல முடியாதவர்.’ எவ்வளவு கம்பீரமா இருக்கு பாருங்க. அப்புறம் ஒருத்தரும் தப்பா படிக்க மாட்டாங்க.”

அவள் மேஜையை ஓங்கி அறைந்தாள். கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்ற கோப்பைகள் குலுங்கின.

“ஜெயிக்க வக்கில்லாதவர்னு பச்சையா எழுதுங்க சார்! நான் திட்டினது நேத்து ஒருத்தருக்குக்கூடப் புரியல!”