லிஃப்ட் இருக்கிற கப்பல்

"லிஃப்ட் இருக்கிற கப்பலே போதும்மா. இவளுக்கு முழங்கால் சரியில்ல," என்றார் கணவர்.

பனிக்கடல் பயணத்துக்குப் பெரியதும் சின்னதுமாக இரண்டு கப்பல்களின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்த பயண நிறுவனத்துப் பெண், மனைவியின் மடியில் கிடந்த கைத்தடியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"அப்போ பெரிய கப்பல்தாம்மா உங்களுக்குச் சரி. உக்காந்த இடத்துலயே கண்ணாடி வழியா பனிமலையைப் பார்க்கலாம்."

"கண்ணாடியில பார்க்க எங்க வீட்டு டிவி போதாதா? சின்னக் கப்பல்ல என்ன உண்டு?" என்று கேட்டாள் மனைவி.

"ஏணியில இறங்கி, ஆடுற ரப்பர் படகுல ஏறணும். கரைக்குப் போய்ப் பென்குவின் பக்கத்துலயே நடக்கலாம். ஆனா..."

"அதெல்லாம் இவளால ஆகிற காரியமா? நாலு படி ஏறினா மூச்சு வாங்குது," என்று சிரித்தார் அவர்.

வங்கியிலும் கல்யாண வீட்டிலும் மனைவி கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பாட்டு இது. பனியில் கால் பதிக்க வேண்டும் என்ற அவளுடைய ஆசை, அவர் வாயாலேயே கரைந்துகொண்டிருந்தது.

"பெரிய கப்பல்ல ரெண்டு டிக்கெட் போடட்டுமாம்மா?"

"எனக்குச் சின்னக் கப்பல்ல ஒண்ணு போடு."

"உங்க கால்..."

அவள் விருட்டென்று எழுந்து, கைத்தடியைக் கணவரின் மடியில் வைத்தாள்.

"வாசல் வரைக்கும் இதை ஊன்றிக்கிட்டு வந்தவர் இவர்தான். நாலு பேர் கண்ணுல படுறதுக்கு முன்னாடி என் கையில திணிச்சிடுவார். இவர் மானத்துக்காக இத்தனை வருஷம் நான் நொண்டினது போதும்."

அந்தப் பெண் மெல்லக் கேட்டாள். "அப்போ... சாருக்கு?"

"லிஃப்ட் இருக்கிற கப்பலே போடும்மா. அவருக்கு முழங்கால் சரியில்ல."